எத்தனை பேரைக் கேட்டால் போதும்?

சர்வே எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சாம்பிள் எடுக்கணும்?" என்பதைத்தான். கைடு ஓர் எண்ணைச் சொல்வார். சீனியரின் ஆய்வேட்டில் வேறோர் எண் இருக்கும். அது எப்படி வந்தது என்று கேட்டால் இருவரிடமும் பதில் இருக்காது. வாய்வழியாகவே பரவி நிலைத்துவிட்ட சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: மொத்தத்தில் 10 சதவீதம் பேரைக் கேட்டால் சரியாக இருக்கும்.

உண்மை: 5 புள்ளி முன்பின் இருக்கலாம், 95 சதவீத நம்பகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேர் உள்ள ஊரில் 278 பேரைக் கேட்க வேண்டும். 10,000 பேர் என்றால் 370. ஒரு லட்சம் என்றால் 383. பத்து லட்சம் என்றால் 384. ஊர் ஆயிரம் மடங்கு பெருத்தும் மாதிரி நூற்றுச் சொச்சம்தான் கூடுகிறது. பத்து சதவீதக் கணக்கை நம்பினால் சின்ன ஊரில் 100 பேரோடு நிறுத்திவிடுவோம். லட்சம் பேர் வாழும் நகரத்தில் 10,000 படிவம் அச்சடித்துக் காசைக் கரைப்போம்.

நம்பிக்கை: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

உண்மை: சோற்றுக்குச் சரிதான். ஒரே அரிசி, ஒரே உலை. ஒன்று வெந்தால் எல்லாம் வெந்திருக்கும். மாதிரி எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் பானையின் கொள்ளளவைப் பொறுத்ததல்ல, உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. ஊரே ஒரே பதிலைச் சொல்லுமானால் ஒருவரைக் கேட்டாலே போதும். பாதிப் பேர் ஆம், பாதிப் பேர் இல்லை என்றால் வேறுபாடு உச்சத்தில் இருக்கும். அந்த மோசமான நிலையை முன்கூட்டியே வைத்துப் போட்ட கணக்குதான் 384.

நம்பிக்கை: 30 பேர் இருந்தால் புள்ளியியல் ஒத்துக்கொள்ளும்.

உண்மை: 30 என்பது சராசரிகளின் பரவல் குறித்த ஒரு தோராய விதி. கருத்துக்கணிப்புக்கு அது உதவாது. 30 பேரில் 12 பேர் ஒரு திட்டத்தை ஆதரித்தால் 40 சதவீதம் என்று எழுதுவோம். உண்மை நிலவரம் 22-லிருந்து 58 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சிறுபான்மையா பெரும்பான்மையா என்றுகூடச் சொல்ல முடியாது.

நம்பிக்கை: எண்ணிக்கை கூடினால் முடிவு தானாகச் சரியாகும்.

உண்மை: 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளுடன் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகக் கணித்திருந்தார். டைஜஸ்ட் முகவரி எடுத்தது தொலைபேசிப் புத்தகங்களிலும் கார் பதிவேடுகளிலும். பெருமந்த காலத்தில் அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். போதாததற்கு, கிடைத்தவர்களிலும் நாலில் ஒருவரே பதில் போட்டார். தேர்வு கோணலானால் இன்னொரு கோடிச் சீட்டு அனுப்பினாலும் அதே கோணல்தான்.

தேர்வு சரியாக இருந்தாலும் எண்ணிக்கையின் பலன் மெதுவாகத்தான் கூடும். பிழை வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்: 5 புள்ளிக்கு 384 போதும், 1 புள்ளிக்கு 9,604 பேர்.

நம்பிக்கை: 384 எடுத்தாயிற்று, எந்த அட்டவணையும் போடலாம்.

உண்மை: அந்த எண் மொத்த மாதிரிக்கு மட்டுமே. 384 பேரில் தையல் தொழில் செய்யும் பெண்கள் 40 பேர் என்றால், அவர்களைப் பற்றிய வரியில் பிழை 15 புள்ளியைத் தாண்டும். தேசியக் குடும்பநல ஆய்வு-5 (2019–21) 6,36,699 வீடுகளுக்குப் போனது இதனால்தான். நாட்டுக்கு ஒரே எண் போதுமென்றால் அவ்வளவு வீடு தேவையில்லை; 707 மாவட்டங்களுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டியிருந்தது. வகுத்துப் பார்த்தால் மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடுகள்தான்.

நம்பிக்கை: ஒரே தெருவில் 20 வீடு முடித்தால் வேலை சுலபம், எண்ணிக்கையும் அதேதான்.

உண்மை: படிவங்களின் எண்ணிக்கை அதேதான், தகவல் அதுவல்ல. "குழாயில் தினமும் தண்ணீர் வருகிறதா?" என்று ஒரு தெருவில் 20 வீட்டில் கேட்டாலும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே பதில். மற்றக் கேள்விகளில் அக்கம்பக்கத்து ஒற்றுமை இவ்வளவு இராது. ஆனாலும் விளைவு உண்டு. முழு ஒற்றுமையை 1 என்று வைத்தால், அந்த ஒற்றுமை 0.05 என்ற சிறு அளவில் இருந்தாலே தெருவுக்கு 20 வீடு என்னும் முறையில் 384-க்குப் பதில் சுமார் 750 வேண்டும். ஆகவே பல தெருக்கள், தெருவுக்குச் சில வீடுகள்.

நம்பிக்கை: பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைக் கேட்டு எண்ணிக்கையை நிரப்பலாம்.

உண்மை: பகல் 11 மணிக்கு வீட்டில் இருப்பவர்களும் வேலைக்குப் போனவர்களும் ஒரே கருத்தினர் அல்லர். பக்கத்து வீட்டை நிரப்பிக்கொண்டே போனால் கடைசியில் வீட்டில் இருப்பவர்களின் சர்வேயாகிவிடும். 60 சதவீதம் பேர் பதில் தருவார்கள் என்று எதிர்பார்த்தால் தொடக்கத்திலேயே 640 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். பூட்டிய வீட்டுக்கு மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் மறுபடி போங்கள். 640 என்பது எண்ணிக்கையைத்தான் காக்கும். கோணலைக் குறைப்பது அந்த மறுநடைதான்.

எனவே ஆய்வேட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு பிழையைப் பொறுப்பீர்கள், தனியே பேசப்போகும் மிகச் சிறிய பிரிவு எது, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். வைவாவில் "ஏன் 384?" என்று கேட்டால் கைடின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.