குஸ்கோ போகும் தம்பதிக்கு: முதல் இரவு கீழே

பெருவின் பழைய இன்கா தலைநகர் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர லிமாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கி அன்றே அங்கு தங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அதனால் நேரே வண்டி பிடித்து, சுமார் 2,800 மீட்டரிலுள்ள ஒய்யாந்தாய்தாம்போ ஊருக்குப் போய்விடுங்கள். வழியில் மேடு ஏறினாலும், இரவு எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. ஒரு நாள் வீண்தானே என்றால், இல்லை: இன்கா காலத்துக் கல் சந்துகளும் ஓரத்தில் ஓடும் வாய்க்கால்களும் அங்கேயே உண்டு, மச்சு பிச்சு ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும்.

‘எங்களுக்கு நல்ல உடம்பு, கோக்கா இலை டீ போதும்’ என்பீர்கள். உடல் வலு இதில் கைகொடுக்காது. டீ குடித்தாலும் உடம்பு உயரத்துக்குப் பழக நாள் பிடிக்கும். ஒருவரை ஒன்றும் செய்யாத உயரம் மற்றவரைப் படுக்கவைக்கும். வீம்புக்கு மறைக்காதீர்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால், இருவருமே உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.