சோள விதை எப்போது விழிக்கும்?

கோவில்பட்டிக் கரிசல் காட்டில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் சோளம் விதைப்பது உண்டு. சிறு தூறலில் விதை முளைத்துவிட்டு, அடுத்த மழை தவறினால் பயிர் கருகும். சிறு விவசாயியிடம் மறுவிதைப்புக்கு விதை இராது. எனவே 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கிறார்கள். ஏன் 5? கணக்கிடுவோம்.

காய்ந்த கரிசல் மண், தன் பருமனில் 40 விழுக்காடு நீரை ஏற்பதாகக் கொள்க. 8 மி.மீ. மழை பெய்தால் 8 ÷ 0.4 = 20 மி.மீ., அதாவது 2 செ.மீ. ஆழமே நனையும், விதை உறங்கும். 20 மி.மீ. பெய்தால்தான் ஈரம் விதையை எட்டும். மண்ணே மழைமானி! (பாளம் பாளமாக வெடித்த நிலத்தில் நீர் பிளவு வழியே இறங்கிவிடும், இக்கணக்கு அங்கே பொய்க்கும்.)

எங்கள் குரோம்பேட்டையில் கரிசல் ஏது? உலர்ந்த தோட்டத்து மண்ணைக் கண்ணாடித் தம்ளரில் நிரப்பி, அளந்து நீர் ஊற்றி, ஈரம் இறங்கிய ஆழத்தைக் குறியுங்கள். மணலில் ஈரம் இன்னும் ஆழமாகப் போகும். ஏன்?