பேனா எங்கே முடிகிறது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எழுத்துருவை அச்செடுத்து, மேசையில் வைத்துச் சில நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயிரெழுத்துகள் நன்றாக வந்திருக்கின்றன. அந்த 'இ' பிரமாதம். ஆனால் 'கு', 'து', 'ணு' வரும் இடங்களில் கண் தடுக்குகிறது. அகர எழுத்தை வரைந்து முடித்துவிட்டு, அதன் ஓரத்தில் ஒரு வாலைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாய். மென்பொருளில் உனக்கிருக்கும் தேர்ச்சிக்கு நான் கிட்டவே வர முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரி முடித்த பிறகு கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே பேனா எடுக்கிறேன் என்று நீயே எழுதியிருந்தாய். உன் தலைமுறையில் எழுத்துரு வரைகிற பலருக்கும் இதே நிலைதான். அதனால்தான் உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உகர, ஊகார எழுத்துகளையே எடுத்துக்கொள். பதினெட்டு மெய்க்கும் சேர்த்து 36. கால், கொம்பு எல்லாம் தனியே நிற்கும் குறிகள். ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இந்த 36-ஐயும் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். இவற்றில் ஒழுங்கே இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. வா.செ. குழந்தைசாமி போன்ற அறிஞர்கள் இவற்றுக்கும் தனிக் குறி வைத்துவிடலாம் என்று வாதிட்டார்கள், தமிழுலகம் ஏற்கவில்லை. ஏற்காதது நல்லது என்பது என் கட்சி. ஏனென்றால் ஒழுங்கு இருக்கிறது. திரையைப் பார்த்தால் அது தெரியாது, எழுதினால் தெரியும்.

'ப' எழுதிப் பார். மேலிருந்து இறங்கி, அடியில் வலப்புறம் போய், மறுபடி மேலே ஏறி முடிகிறது. இப்போது பேனா மேலே நிற்கிறது. உகரம் வேண்டுமென்றால் வந்த கோட்டிலேயே திரும்பி, வரியைத் தாண்டிக் கீழே இறங்கிவிடலாம்: 'பு'. 'ய'வும் மேலேதான் முடிகிறது. 'யு'வும் அப்படியே இறங்குகிறது. 'த' வேறு மாதிரி. அதன் வால் ஏற்கெனவே வரிக்குக் கீழே போய்விட்டது. இன்னும் இறங்க இடமில்லை. சுற்றி வளைந்து மேலேறி வருவதுதான் வழி. 'து' அப்படிப் பிறக்கிறது, 'நு'வும் அப்படியே. மெய்யை எழுதி முடித்த பேனா எங்கே நிற்கிறதோ, அந்த இடம்தான் உகரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. நீ 'த'வை மூடி முடித்துவிட்டு 'து'வுக்கு வால் தேடியிருக்கிறாய். 'து'வில் 'த' முடிவதே இல்லை, தம்பி. முடிவதற்குள் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தில் கை எவ்வளவு வேகமாக இருந்தது, வளைவு எவ்வளவு அகன்றது என்பதை வேகமாக எழுதிய ஒரு பக்கம் உனக்குச் சொல்லிக் கொடுக்கும்.

இன்னொன்று, கொம்பு. கணினிக்குள் 'கொ' என்பது முதலில் 'க', அதன் பின்னால் ஒகரக் குறி. நாம் விசைப்பலகையில் தட்டுவதும் அந்த வரிசையில்தான். ஆனால் பழைய தட்டச்சு இயந்திரத்தில்கூடக் கொம்பைத்தான் முதலில் அடித்தார்கள். கையும் கொம்பு, 'க', கால் என்றே போகிறது. அடுத்து என்ன எழுத்து வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே கை கொம்பைப் போடுகிறது. 'ணெ'யில் வருவது அகலமான உடம்பு, 'டெ'யில் வருவது ஒடுங்கிய உடம்பு. அதற்கேற்பக் கொம்பு சற்றுத் தள்ளியோ ஒட்டியோ உட்காரும். உன் எழுத்துருவில் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி. 'டெ'யில் கொம்பு அநாதையாக நிற்கிறது.

எழுதிப் பழகு என்றதும் பட்டை நிப் வாங்கப் போய்விடாதே. சாய்வாகப் பிடித்த பட்டை நிப்பின் தடித்த கோடும் மெல்லிய கோடும் லத்தீன் எழுத்தை வளர்த்தவை. நம் எழுத்து நூற்றாண்டுக்கணக்கில் எழுத்தாணியில் வளர்ந்தது. எழுத்தாணிக் கோட்டுக்குத் தடிப்பு, மெலிவு கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே கனம். சாதாரணப் பால்பாயின்ட் பேனாதான் அதற்கு நெருங்கிய உறவு. ஓலை கிழிந்துவிடும் என்பதால்தான் தமிழ் வட்டமாயிற்று என்பதையும் அப்படியே நம்பிவிடாதே. 'ட', 'ப', 'ம' மூன்றும் நேர்கோடும் மூலையுமாக அதே ஓலையில்தான் எழுதப்பட்டன. அடையாற்றை ஒட்டிய பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, போய்ச் சுவடிகளைப் பார். பெரும்பாலானவற்றில் புள்ளியே இருக்காது. படித்தவர்கள் சொல்லின் போக்கைக் கொண்டு மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்தார்கள்.

நல்ல கையெழுத்து ஒன்றை ஸ்கேன் செய்து மேலேயே வரைந்துகொண்டால் போதாதா என்று கேட்பாய். போதாது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார். எழுத்துகளில் சிலவற்றைத் தாமே எழுதியும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தும், சிலவற்றை விசையில் தட்டியும் குழந்தைகள் கற்றார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்த்தபோது, வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் தாமே எழுதிக் கற்றவற்றுக்குத்தான் விழித்துக்கொண்டன. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட மாட்டேன். ஆனால் மேலே வரைவது எழுதுவதாகாது என்பது இந்தத் தொழிலில் நான் தினமும் காண்பது. மேலே வரைகிறவனின் கண் கோட்டின் விளிம்பில் இருக்கிறது. எழுதுகிறவன் அடுத்த எழுத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

பிறர் கையெழுத்தையும் சேர்த்து வை. மளிகைக் கடைச் சிட்டை, பத்திர எழுத்தர் எழுதிய பழைய பத்திரம், உன் பாட்டி எழுதிய இன்லேண்டு கடிதம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் கையில் துதிக்கை வைத்த 'லை', 'னை' இன்னும் இருக்கிறது. அந்தச் சீர்திருத்தத்தால் அச்சில் மாறிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவத்தைக் கை அவ்வளவு எளிதில் விடவில்லை. பெரியவர்கள் எழுதும் வேகத்தில் துதிக்கை எப்படி அடுத்த எழுத்தின் மேல் படாமல் ஒதுங்குகிறது என்று கவனி. பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லிப் பார். முடிந்த தாளில் கோட்டின் தடம்தான் கிடைக்கும். எங்கே தொடங்கினார், எங்கே பேனாவைத் தூக்கினார் என்பது எழுதும்போதுதான் தெரியும். போர்டு எழுதுகிற பெயின்டர் யாராவது உங்கள் ஊரில் மிச்சமிருந்தால் அவரிடமும் போ. சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டுவிட்டு, எழுத்தைப் பென்சிலில் வரையாமலே பிரஷ்ஷை வைப்பார். கடைப்பெயர் நீளமாக இருந்தால் எந்த எழுத்தை ஒடுக்குவார், எதைத் தொடவே மாட்டார் என்று கேள். இடைவெளி பற்றி அவர் சொல்வதைப் பாடப்புத்தகத்தில் படிக்க முடியாது.

இப்போது மென்பொருளை மூடிவை. கோடு போடாத தாளில், பால்பாயின்ட் பேனாவால், தினம் ஒரு பக்கம் எழுது. எழுத்துகளைத் தனித்தனியாக எழுதாதே. கடிதமோ, அன்று கேட்ட பேச்சோ, வாக்கியமாக, உன் வழக்கமான வேகத்தில் எழுது. அழகாக எழுத முயன்றால் அந்தப் பக்கம் நமக்கு உதவாது. மாத முடிவில் அவற்றிலிருந்து உகர, ஊகார எழுத்துகளை மட்டும் வட்டமிட்டுத் தபாலில் அனுப்பு. 'ஙு', 'ஙூ' இரண்டும் வாக்கியத்தில் வராது. அவற்றை நாம் சேர்ந்தே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அதற்குப் பிறகு 'து'வைத் திற.

அன்புடன்,
அண்ணன்