ஒரு முழத்துக்குள் ஒரு தாளக்கட்டு

கிளிநொச்சிப் பக்கம் வயலோரம் நிற்கிற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு ஒரு நிமிடம் காது கொடுங்கள். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் 400 வெடிப்பு. நாலு வெடிப்பை ஓர் அடியாக எண்ணினால் நிமிடத்துக்கு 100 அடி, ஒரு ராப் பாட்டை அப்படியே ஏற்றிவிடக்கூடிய வேகம். பீட் செய்கிறவரின் மொடியூலர் பெட்டிக்குள்ளும் இப்படி ஓர் எஞ்சின் இருக்கிறது. அதற்குப் பெயர் குளொக். மற்றவை எல்லாம் அதன் பின்னால் இழுபடுகிற பெட்டிகள்.

வன்னியில் பீட் செய்து உழைக்க நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எந்த மொடியூல் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "முதல் என்ன அடிக்கப் போறாய் எண்டு சொல்லு." அதற்குப் பதில் வருமுன் காசு செலவழிக்க விடமாட்டேன். ஒரு மொடியூல் பெரும்பாலும் 100 யூரோவிலிருந்து 400 யூரோ வரை. எட்டு மொடியூலும் பெட்டியும் சேர்ந்தால் 1,500 யூரோவைத் தாண்டுவது மிகச் சுலபம். வட்டிக்கு எடுத்து வாங்குகிற சாமான் இல்லை இது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சாதாரண கீபோட்டில் சத்தம் பிறக்கிற இடமும், அதைச் செதுக்குகிற இடமும், அளவு கூட்டிக் குறைக்கிற இடமும் ஒரே உடம்புக்குள் பூட்டிக் கிடக்கும். மொடியூலரில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகை. எதை எதோடு இணைப்பது என்பதைச் சின்ன வயர்களால் நீங்களே முடிவு செய்கிறீர்கள். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் யூரோராக் என்ற அளவுமுறையை 1990களின் நடுவில் ஜேர்மனியில் டீட்டர் டோப்ஃபர் தொடக்கிவைத்தார். பலகையின் உயரம் 128.5 மில்லிமீற்றர். அகலத்தை எச்.பி. என்று எண்ணுவார்கள், ஒரு எச்.பி. 5.08 மில்லிமீற்றர். சின்னப் பெட்டி என்றால் வழக்கமாக 84 எச்.பி. கணக்குப் போட்டால் 42.7 சென்ரிமீற்றர் வரும், எங்கள் முழத்துக்குச் சற்றுக் குறைவு. பேருந்தில் மடியில் வைத்து முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகலாம். இந்த ஒரு முழத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் கேள்வி.

"இது எங்கட ஆக்களுக்குரிய சாமான் இல்லை" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் மொடியூலரை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கொண்டுவந்து பொருத்தினார். அங்கே கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்து, 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. ஈழத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தன் முதல் தொகுப்பான 'அருளர்'இன் (2005) பாட்டுகளை வடிவமைக்கத் தொடங்கியது ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றைப் பெட்டியில். அது மொடியூலர் இல்லை. ஆனால் குறைந்த சாமானை ஆழமாகத் தெரிந்து வைத்திருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

காசில்லாத மூன்று மாதம்

முதல் மூன்று மாதம் ஒரு சதமும் செலவில்லை. வி.சி.வி. ராக் என்ற மென்பொருள் 2017இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. யூரோராக் பெட்டியைக் கணினித் திரையில் அப்படியே நிறுத்தும். பாரிஸில் எமிலி ஜீயே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் மொடியூல்களின் உள்வடிவைத் திறந்தே வைத்திருந்ததால், அவற்றின் மென்பொருள் வடிவங்களும் அங்கே இலவசம். கடையில் காசு கொடுத்து வாங்குகிற சத்தத்தையே நீங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். பழைய மடிக்கணினி என்றால் மொடியூல் கூடக்கூடத் திணறும். அப்போது எட்டுக்கு மேல் போடாதீர்கள். வாங்கப்போகிற பெட்டியும் எட்டுத்தான் கொள்ளும்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் எந்த மொடியூலைத் தொட்டீர்கள் என்று எழுதுங்கள். முப்பது பீட் முடிகிறபோது, சிலவற்றை ஒரு தரம்கூடத் தொடவில்லை என்று தெரியவரும். அவற்றை வாங்க வேண்டாம்.

அதே காலத்தில் வெளியே போய்ச் சத்தம் சேருங்கள். சத்தத்தில் நாங்கள் பணக்காரர். முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தின் மத்தளம், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிற பறை, முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாக் குரல், சூடடித்த களத்தில் தூற்றுகிற நெல், இரணைமடு வான்கதவால் இறங்குகிற தண்ணீர். கைத்தொலைபேசியே போதும். காற்றுப் படாமல் மைக் பக்கத்தைத் துணியால் மறைத்து, சத்தத்துக்கு மிகக் கிட்டப் போகாமல் எடுங்கள், கிட்டப் போனால் பறையின் அடி உடைந்து பதிவாகும்.

84 எச்.பி.யை எப்படிப் பங்கிடுவது

நான் பரிந்துரைக்கிற பங்கீடு இது. குளொக்குக்கு 8 எச்.பி. அதில் எட்டு வெளிவழி இருக்கிற வகையாகப் பாருங்கள், ஏ.எல்.எம். நிறுவனத்தின் பமெலா வரிசை அப்படியானது. சாம்பிளருக்கு 16. சேர்த்த பறையும் மத்தளமும் இங்கேதான் குடியிருக்கப் போகின்றன, அதனால் இதில் சிக்கனம் வேண்டாம். கிக்குக்குத் தனியாக 8. அடிவயிற்றில் விழுகிற அந்த ஒரு சத்தத்தைச் சாம்பிளில் எடுப்பதைவிட மின்சுற்றில் பிறப்பிப்பதே நல்லது, குமிழைத் திருப்பினால் நீளமும் ஆழமும் கையோடு மாறும். பேஸுக்கும் மெட்டுக்கும் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிளெயிட்ஸ் போன்ற ஒன்று, 12. அதற்குள்ளேயே கிக், ஸ்னேர், ஹைஹட் வடிவங்களும் உண்டு. சத்தத்தைச் செதுக்குகிற பில்ரர் 8, சத்த அளவைக் கட்டுப்படுத்துகிற விசிஏ 8, மிக்சர் 8, வெளியே போகிற வழிக்கு 4.

கூட்டினால் 72. மிச்சம் 12 எச்.பி.யை வெறுமையாக விடுங்கள். ஆறு மாதம் உழைத்த பிறகு எது குறைகிறது என்று உங்கள் கைக்கே தெரியும். அதுவரை வெறும் மூடிப்பலகை போட்டு மறைத்துவிடுங்கள். எங்கள் செம்மண் புழுதிக்கு ஒரு விரல் இடைவெளி போதும், உள்ளே போய்க் குமிழ்கள் எல்லாம் கரகரக்கத் தொடங்கிவிடும்.

பலர் விசிஏயை வெட்டிவிட்டு இரண்டாவது சத்த மொடியூல் வாங்குவார்கள். தவறு. எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் அது தாளமாகாது. மத்தளக்காரர் ஓர் அடியை அமத்தி, அடுத்ததை விட்டு அடிப்பதை இயந்திரத்தில் செய்து காட்டுவது விசிஏதான்.

வாங்குமுன் மொடியூலர்கிரிட் தளத்தில் உங்கள் பெட்டியை வரைந்து பாருங்கள். அகலத்தோடு ஆழத்தையும் மின்னோட்டத்தையும் அது காட்டும். ஆழத்தை மறந்தவர்கள் பலகையை வாங்கிய பிறகு பெட்டி மூட முடியாமல் நிற்பார்கள்.

எங்கள் தாளமும் யூக்ளிட்டும்

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 16 கட்டத்துக்குப் பழக்கப்பட்டவை. பெட்டி தருகிற வசதிக்குள் விழுந்தால், உலகத்தில் எல்லாரும் செய்கிற பீட்டைத்தான் நீங்களும் செய்வீர்கள். எங்கள் காதுக்குள் ஏழும் ஐந்தும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்க நல்ல கருவி யூக்ளிட் முறை.

கணினி அறிஞர் கொட்ஃபிரெட் டூசான் 2005இல் எழுதிய கட்டுரையில் ஒரு விசயத்தைக் காட்டினார். யூக்ளிட் முறைப்படி குறித்த கட்டங்களுக்குள் குறித்த அடிகளை இயன்றவரை சமமாகப் பரப்பினால், உலகின் பல மரபுத் தாளங்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. 8 கட்டத்தில் 3 அடி போட்டால் தகிட தகிட தக. 5 கட்டத்தில் 2 அடி போட்டால் தக தகிட, அது எங்கள் கண்டசாபு. 7 கட்டத்தில் 3 அடி கேட்டால் இயந்திரம் தக திமி தகிட என்று தரும். தொடக்கத்தை ஐந்தாம் கட்டத்துக்கு நகர்த்தினால் தகிட தகதிமி, மிஸ்ரசாபு வந்து நிற்கும். நகர்த்துகிற வசதி நல்ல குளொக் மொடியூல்களில் உண்டு. வாங்கும்போது இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கிக்கை 7க்கு 3 என்று வையுங்கள், மேலே ஹைஹட்டை 7க்கு 5 என்று வையுங்கள், பறைச் சாம்பிளை மட்டும் 8க்கு 3 என்று விடுங்கள். ஏழும் எட்டும் 56 கட்டத்துக்கு ஒரு முறைதான் ஒன்றாகத் தொடங்கும். அதுவரை பறை ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் விழும். இரண்டு நிமிடம் கேட்டால் கூத்துக் களரியின் சாயல் தெரியும். அது கூத்துத் தாளம் ஆகாது. கூத்துத் தாளம் வேண்டுமானால் அண்ணாவியாரிடம் போய் இருந்து பழகுங்கள், எந்தப் பெட்டியும் அதைத் தராது.

மின்சாரம்

போர்க்காலத்தின் பொருளாதாரத் தடை நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொடியூலரில் அந்த எண்ணிக்கை இப்படி.

ஒவ்வொரு மொடியூலும் கூட்டல் 12 வோல்ட்டிலும் கழித்தல் 12 வோல்ட்டிலும் எத்தனை மில்லிஅம்பியர் இழுக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டையும் தனித்தனியே கூட்டுங்கள். பெட்டியின் மின்வழங்கி தருகிற அளவில் முக்கால் பங்குக்கு மேல் போகாதீர்கள், ஏனென்றால் ஆளியைப் போட்ட கணத்தில் எல்லாம் ஒன்றாகக் கூடுதலாக இழுக்கும். மேலே சொன்ன பெட்டி கூட்டல் பக்கம் 800, கழித்தல் பக்கம் 300 இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 13.2 வாற்று. யு.பி.எஸ்.களுக்குள் இருக்கிற 12 வோல்ட், 7 அம்பியர்மணி மின்கலம் ஒன்று, வீணாவதைக் கழித்தும், மூன்று மணித்தியாலம் ஓட்டும். மின்வெட்டு வந்தாலும் பதிவு நிற்காது. ஆனால் 12 வோல்ட் நேரோட்டம் ஏற்கிற பெட்டிக்குத்தான் இந்த வழி. மின்கலம் முழு ஏற்றத்தில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அதைப் பெட்டி தாங்குமா என்று கையேட்டில் பார்த்த பிறகே கொளுவுங்கள்.

இன்னொன்று, உயிர்ச் செய்தி. பலகைக்குப் பின்னால் போகிற பட்டி வயரில் ஒரு கரை சிவப்பாக இருக்கும். அது கழித்தல் 12 பக்கம். நான் ஒரு முறை அவசரத்தில் மாற்றிச் செருகி, மூன்று மாத உழைப்பை ஒரு நொடிப் புகையில் இழந்தேன். அன்றிலிருந்து ஆளியைப் போடுமுன் மூன்று தரம் பார்ப்பேன்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பச் சொல்கிறவர்கள் கவனிக்க: சுங்க வரி சாமானின் விலைக்கு மட்டுமில்லை, அனுப்புச் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. சில்லறையாகப் பத்துப் பொதி எடுப்பதைவிட, முடிவு செய்துகொண்டு ஒரே பொதியாக எடுப்பது நல்லது. கனடாவிலோ லண்டனிலோ இருந்து விடுமுறைக்கு வருகிற மாமாவிடம் சொன்னால், பழையதை அங்கேயே பரிசோதித்தும் வாங்கலாம்.

உழைப்பும் உரிமையும்

வேலை எங்கே இருக்கிறது? குறும்படங்களுக்குப் பின்னணி, பாடசாலை நடனங்களுக்கு இசை, கலியாண வீடியோக்களுக்குத் துண்டு இசை, புலம்பெயர்ந்த ராப் பாடகர்களுக்குப் பீட். கடைசி வகையில்தான் உங்கள் மண்ணின் சத்தத்துக்கு மதிப்பு அதிகம். ரொறொன்ரோவில் இருக்கிறவருக்கு ட்ரம் மெஷின் எந்தக் கடையிலும் கிடைக்கும், வற்றாப்பளைக் காற்றோடு பதிவான பறை கிடைக்காது.

இங்கே ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பைச் செய்தவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடும், பதிவு தேவையில்லை. ஆனால் ஒருவர் சொல்லிச் செய்வித்த வேலை என்றால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் பொருளாதார உரிமை செய்வித்தவருக்கே போகும். அதனால் வேலை தொடங்குமுன் விலை, எத்தனை முறை திருத்துவது, உரிமை யாருக்கு, பெயர் எங்கே வரும் என்ற நாலையும் எழுத்தில் வாங்குங்கள். பெரிய பத்திரம் வேண்டாம், இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு அனுப்பிய செய்தியாவது இருக்கட்டும்.

அந்த விலைக்குள் பறை அடித்தவரின் கூலியும் இருக்க வேண்டும். அவர் அடித்ததை ஒரு நிமிடம் பதிவுசெய்து, நூறு பீட்டில் விற்று, அவருக்கு ஒரு தேத்தண்ணியோடு முடித்துக்கொள்கிற வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன், எனக்கு அது பொறுக்கவில்லை. பறைக்காரரைக் கடைசி வரிசையில் நிறுத்திய ஊர்ப் பழக்கத்தைக் கணினிக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். பதிவுக்கு முன் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், பேசிய தொகையைக் கையில் கொடுங்கள், பாட்டின் விபரத்தில் அவர் பெயரைப் போடுங்கள்.

மேடைக்குப் போகிற நாள் வந்தால், சவுண்ட் சேவிஸ் அண்ணையிடம் நேரத்தோடு போய் ஒரு சனல் கேளுங்கள். மொடியூலருக்குள் சத்தம் பத்து வோல்ட் வீச்சில் ஓடும். அவருடைய மிக்சர் எதிர்பார்ப்பது அதில் ஒரு சிறு பங்கு. வெளிவழி மொடியூலைப் பூச்சியத்தில் வைத்துக் கொளுவி, மெல்ல ஏற்றுங்கள். முதல் நிகழ்ச்சிக்கு இரண்டே சத்தம் போதும், கிக்கும் பேஸும். மேலே மத்தளம் நேரில் அடிக்கட்டும். வேகத்தை அவர் பிடிப்பார். நீங்கள் குளொக்கின் குமிழில் கையை வைத்தபடி, அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.