அன்றாட உடையாகக் கில்ட்

கற்றல் நோக்கம்: ஓர் உடையின் வரலாற்றையும் அதனைத் தைக்கும் முறையையும் படித்தறிதல், செய்முறையை வரிசைப்படுத்திக் கூறுதல்.

ஸ்காட்லாந்து நாட்டின் வடபகுதி மலைநாடு ஆகும். அங்கு வாழ்ந்த ஆடவர், நீண்ட கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாகக் கொசுவி, இடுப்பில் வாரால் இறுக்கி உடுத்தினர். எஞ்சிய பகுதியைத் தோளின்மீது போட்டுக்கொண்டனர். பகலில் உடையாகவும் இரவில் போர்வையாகவும் அத்துணி பயன்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் கீழ்ப்பகுதி மட்டும் தனி உடையாயிற்று. அதுவே இன்று கில்ட் என வழங்குகிறது.

தடையும் மீட்சியும்

1745-இல் மலைநாட்டவர் பலர் பிரித்தானிய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போர்க்களத்தில் அவர்கள் தோல்வியுற்றனர். அதன்பின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஆடவரும் சிறுவரும் மலைநாட்டு உடை அணிவதைத் தடை செய்தது. 1747 ஆகஸ்டு 1 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. முதன்முறை மீறியவருக்கு 6 மாதச் சிறை. மீண்டும் மீறியவருக்கு 7 ஆண்டு நாடு கடத்தல். அரசின் படையில் பணியாற்றிய மலைநாட்டு வீரர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. உடை அம்மக்களின் அடையாளம் என்பதை அரசு அறிந்திருந்தது. அதனாலேயே அது குற்றமாக்கப்பட்டது.

1782-இல் தடை நீங்கியது. ஆயினும் 35 ஆண்டுகளில் ஒரு தலைமுறை அவ்வுடையின்றியே வளர்ந்துவிட்டது. 1822-இல் எடின்பரோ நகருக்கு வந்த மன்னர் நான்காம் ஜார்ஜ் கில்ட் அணிந்து தோன்றினார். அதன்பின் அதன் மதிப்பு உயர்ந்தது; ஆனால், உழவரும் மேய்ப்பரும் உடுத்திய எளிய உடை, விழாக்கால உடையாக மாறியது. முறையான கில்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 கெஜம் கம்பளித் துணி தேவை. கையால் தைக்கப்படுவதால் அதன் விலையும் மிகுதி. எனவே திருமணம் போன்ற நாள்களில் மட்டும் அணிவோர் பலர். அன்றாடம் அணிய விரும்புவோர் சிலர், துவைக்க எளிதான பருத்தித் துணியில் தாமே தைத்துக்கொள்கின்றனர்.

அளவும் கணக்கும்

கில்ட்டின் முன்புறம் மடிப்பின்றித் தட்டையாக இருக்கும். அங்கு இரு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். பின்புறம் முழுவதும் மடிப்புகள் இருக்கும். இடுப்பு 80 செ.மீ., புட்டத்தின் சுற்றளவு 96 செ.மீ. உள்ள ஒருவரைக் கருதுவோம். சுற்றளவில் பாதி முன்புறத்திற்கும் பாதி பின்புறத்திற்கும் உரியது. பின்புறத்தில் 16 மடிப்புகள் அமைத்தால், ஒவ்வொன்றும் புட்டத்தருகே 3 செ.மீ., இடுப்பருகே 2.5 செ.மீ. வெளியே தெரிய வேண்டும்.

மடிப்பின் ஆழம் 6 செ.மீ. எனில், துணி உள்ளே சென்று திரும்ப 12 செ.மீ. ஆகும். வெளியே தெரியும் 3 செ.மீ. சேர்த்து ஒரு மடிப்பிற்கு 15 செ.மீ.; 16 மடிப்பிற்கு 240 செ.மீ. முன்பகுதிகள் இரண்டிற்கும் 96 செ.மீ.; ஓரங்களுக்கு 14 செ.மீ. ஆக மொத்தம் 350 செ.மீ. தேவை. 150 செ.மீ. அகலமுள்ள துணியில் 2 மீட்டர் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைத்தால் இது கிடைத்துவிடும்.

தைக்கும் முறை

துணியை முதலில் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் தைத்தபின் முதல் சலவையிலேயே அது சுருங்கிவிடும். இரு துண்டுகளையும் இணைக்கும் தையல், ஒரு மடிப்பிற்குள் மறையுமாறு அமைய வேண்டும். கட்டம் போட்ட துணியாயின் கோடுகள் பொருந்துமாறு இணைக்க வேண்டும். கீழ் ஓரத்தை மடிப்பு அமைக்கும் முன்பே தைத்துவிடுவது எளிது. உடையின் விளிம்பு முழங்காலின் நடுப்பகுதியில் நிற்பது வழக்கம்.

பின்னர்ச் சுண்ணக்கட்டியால் மடிப்புக் கோடுகளை வரைந்து, எல்லா மடிப்புகளையும் ஒரே திசையில் மடித்து, ஓட்டுத் தையலால் நிறுத்த வேண்டும். இடுப்பிலிருந்து புட்டம் வரை மட்டுமே மடிப்புகள் நிலையாகத் தைக்கப்படும். அதற்குக் கீழே அவை விடுபட்டு நிற்பதால்தான் நடக்கும்போது உடை அசைகிறது. இங்கு மிகுந்த கவனம் தேவை. ஒவ்வொரு மடிப்பிலும் 2 மி.மீ. பிழை நேர்ந்தால் 16 மடிப்புகளில் 32 மி.மீ. ஆகிவிடும், உடை இடுப்பில் நில்லாது. ஆகவே நிலையாகத் தைக்கும் முன் ஒருமுறை அணிந்து பார்த்தல் நன்று.

இறுதியாக இடுப்புப்பட்டியையும் வார்களையும் பொருத்த வேண்டும். ஆடவர் அணியும் கில்ட்டில் மேற்பகுதி வலப்பக்கத்தில் பூட்டப்படும். வார்களுக்கு மாற்றாக அழுத்துப் பொத்தான்களையும் வைக்கலாம். ஓட்டுத் தையலைப் பிரித்து, மடிப்புகளைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பணி நிறைவுறும்.

பேழையில் வைத்துக் காக்கப்படும் உடை பழம்பொருளாகிவிடும். நாள்தோறும் உடுத்தப்படும் உடையே வாழும். அணிந்ததற்காகச் சிறை சென்ற காலத்தைக் கண்ட உடை, இன்று சந்தைக்கும் பணியிடத்திற்கும் அணிந்து செல்லப்படுகிறது. அதனைத் தைக்கும் கைகளுக்கும் அப்பெருமையில் பங்குண்டு.

பயிற்சி

1. பொருள் எழுதுக: மீட்சி, விலக்கு, விளிம்பு, பேழை.
2. பிரித்து எழுதுக: இடுப்பளவு, மடிப்பிற்குள், பழம்பொருள்.
3. மலைநாட்டு உடையை அரசு தடை செய்தது ஏன்?
4. தடை நீங்கிய பின்னும் கில்ட் அன்றாட உடையாகத் தொடராமைக்குரிய காரணங்கள் யாவை?
5. புட்டத்தின் சுற்றளவு 80 செ.மீ. உள்ளவருக்கு 16 மடிப்புகள் அமைத்தால், ஒவ்வொரு மடிப்பும் புட்டத்தருகே எவ்வளவு தெரியும்?
6. உம் பகுதி மக்களின் மரபுவழி உடை ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக. அது இன்று எப்பொழுது அணியப்படுகிறது என்பதையும் குறிப்பிடுக.