நடுங்காத பார்க்கின்சன்

ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் நாள். 1755-இல் அந்தத் தேதியில் பிறந்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-இல் வெளியிட்ட சிறு நூலில் பார்க்கின்சன் நோயை ஒரு தனி நோயாக அடையாளம் காட்டினார். ஆறே ஆறு பேரைப் பற்றிய நூல் அது. அவர்களிலும் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள். அந்த நாளையொட்டி நம் ஊர்களில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள், நடைப்பயணம் நடத்துகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுவரொட்டியில் பெரும்பாலும் ஒரே படம்: தோல் சுருங்கிய ஒரு முதிய கை, அதில் தளும்பிச் சிந்தும் காபி டம்ளர். இந்த நோயைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசும் வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் முதலாவது, அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்பது. அது நோயாளியை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதைவிட, “நமக்குத்தான் கை நடுங்கவில்லையே” என்று வீட்டிலேயே உட்கார வைப்பதுதான் அதிகம்.

படமே பாதி தப்பு. பார்க்கின்சனின் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது வருவது. டி.வி. பார்த்துக்கொண்டிருப்பவரின் மடியில் கிடக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசையும். டம்ளரை எடுக்கக் கை நீண்டதும் அது பெரும்பாலும் அடங்கிவிடும். டம்ளரைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோகும்போது காபி தளும்பினால், அது எசென்ஷியல் ட்ரெமர் என்ற வேறு கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது பார்க்கின்சனைவிடப் பரவலானது. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. ஆக, சுவரொட்டியைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களில் பலருக்குப் பார்க்கின்சன் இல்லை. பார்க்கின்சன் உள்ளவர்களிலோ, ஏறத்தாழ பத்தில் மூவருக்குத் தொடக்க காலத்தில் நடுக்கமே இருப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, நடுக்கம் இல்லாத நோயாளிகளும் உண்டு என்று எடுத்துக்காட்டிவிட்டார். 2015-இல் நரம்பியல் வல்லுநர்கள் வகுத்த நோயறியும் நெறிமுறைப்படி, கட்டாயம் இருந்தே ஆக வேண்டிய அறிகுறி அசைவின் மந்தம். அதோடு நடுக்கமோ தசை இறுக்கமோ ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும். மருத்துவர்கள் மந்தத்தைத் தேடுகிறார்கள், மக்களுக்கு நாம் நடுக்கத்தைக் காட்டுகிறோம்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் தீபம் ஏற்றியபோது நடுங்கிய இடக்கை உலகத்தின் மனத்தில் பதிந்துவிட்டது. நோய் கண்டறியப்பட்டதோ 1984-இல். அதற்கும் முன்பு, 1968 முதல் 1981 வரை அவர் கொடுத்த நேர்காணல்களை ஆராய்ந்தவர்கள், அவருடைய பேச்சின் வேகம் அந்தக் காலத்திலேயே குறைந்துகொண்டு வந்ததைக் கண்டார்கள். தலையில் வாங்கிய குத்துகளுக்கும் அதில் பங்குண்டு என்பது வேறு விஷயம். கோடிப் பேர் கேட்டுக்கொண்டிருந்த குரலில் அந்த மாற்றம் யார் காதிலும் நோயாக விழவில்லை. கேட்பதற்குச் சொல்லித் தரப்படாததுதான் காரணம்.

சரி, இந்த மந்தம் எப்படி இருக்கும்? நரம்பியல் மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து விரித்து வேகமாகத் தட்டச் சொல்வார். முதல் சில தட்டுகள் சரியாக இருக்கும். பிறகு விரிப்பு குறையும், இடையில் தயங்கும், கடைசியில் விரல்கள் ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிடும். வெறுமனே மெதுவாக இருந்தால் போதாது. போகப்போகச் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். இதே சிறுத்தல் வீட்டில் எங்கெல்லாம் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தால் எந்த ஊரிலும் புரிந்துகொள்கிறார்கள். பல் துலக்கும் கை நடுவில் நின்றுவிடுகிறது. சாம்பார் சாதம் பிசையும் விரல்கள் வழக்கமான வேகத்தில் புரளவில்லை. கடைசிச் சட்டைப் பொத்தானுக்கு முதல் பொத்தானைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகிறது. எழுதும் வரி வலப்பக்கம் போகப்போகப் பொடியாகி, வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலை திரும்பி வருகிறது. நடக்கும்போது ஒரு கை வீசுகிறது, மற்றது உடம்போடு ஒட்டியே இருக்கிறது. ஒரு கால் செருப்பு மட்டும் தரையில் இழுபடும் சத்தம் கேட்கிறது. தொலைபேசியில் “கொஞ்சம் சத்தமாப் பேசுங்கப்பா” என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று எலும்பு மருத்துவரிடம் போய் மாதக்கணக்கில் ஒத்தடமும் பயிற்சியும் எடுத்தவர்களில் சிலருக்கு அதுவே பார்க்கின்சனின் தொடக்கம். மோப்பம் குறைவது, விடாத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துவது, கை காலை வீசி அடிப்பது ஆகியவை அசைவு மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடும். ஆனால் இவற்றுக்கு வேறு காரணங்கள் ஏராளம் என்பதால் பொதுக்கூட்டத்தில் இவற்றை அளவோடு சொல்வதே நல்லது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வயதானால் எல்லோரும்தான் மெதுவாகிறார்கள்; மந்தத்தைப் பார்க்கச் சொன்னால் ஊரில் பாதிப் பெரியவர்களை நோயாளி ஆக்கிவிட மாட்டோமா? இதற்கு விடை நோயின் போக்கிலேயே இருக்கிறது. முதுமை இரண்டு பக்கத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோல மெதுவாக்குகிறது. பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்குகிறது. ஆண்டுகள் கழிந்து மறுபக்கமும் வந்தாலும் தொடங்கிய பக்கமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கும். எனவே மக்களிடம் நான் சொல்வது ஒரே வரி: ஒரு பக்கக் கையும் காலும் மற்றப் பக்கத்தைவிட மெதுவாகிக்கொண்டு வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்தைப்போல இதுவும் எளிதில் நினைவில் நிற்கிறது, பொய்ப் பயமும் குறைவு. கூடவே, முதியவர்களைப் பற்றி மட்டுமே பேசுவதையும் விட வேண்டும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல் நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பதுதான். நம் ஊரில் அதே வயதில் கை மந்தமானால் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை போட்டு அனுப்பிவிடுவது எளிது.

இன்னொரு கேள்வியை மருத்துவர்களே கேட்கிறார்கள். நோயை நிறுத்தும் மருந்து இல்லாதபோது சீக்கிரம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதே இந்த நோய். லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டுகிறது, அழிவை நிறுத்துவதில்லை. நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், மாத்திரையை உடனே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தள்ளித் தொடங்கியவர்களுக்கும் நோயின் போக்கில் வித்தியாசம் இல்லை. ஆகவே சீக்கிரம் வந்தால் குணமாகும் என்று மேடையில் சொல்வது பொய். ஆனால் அதே ஆய்வுக்கு மறுபக்கமும் உண்டு: சீக்கிரம் தொடங்கியதால் கெடுதலும் இல்லை. “இந்த மாத்திரை ஐந்து வருஷம்தான் வேலை செய்யும், இப்போதே தீர்த்துவிடாதே” என்ற அறிவுரை நம்மிடையே பரவலாக உலவுகிறது. கானாவில் வசதிக் குறைவால் தாமதமாக மருந்து தொடங்கிய நோயாளிகளை இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. மருந்தின் பலன் ஏறி இறங்கும் தொல்லை, மருந்தை எத்தனை ஆண்டு சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்து வரவில்லை. நோய் எத்தனை ஆண்டு பழையது, ஒரு நாளைக்கு எவ்வளவு மருந்து என்பவற்றைப் பொறுத்தே வந்தது. நன்றாக வேலை செய்யக்கூடிய ஆண்டுகளை மாத்திரை இல்லாமல் வீணாக்கினால் பின்னால் எதுவும் மிச்சமாகாது.

சீக்கிரம் கண்டுபிடிப்பதன் இன்னொரு பயன் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பார்க்கின்சனைப் போலவே தோன்றும் மந்தத்தைச் சில மாத்திரைகளே உண்டாக்குகின்றன. தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளுனாரிசின். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைட். நெஞ்செரிச்சல் மாத்திரையோடு சேர்ந்து வரும் லெவோசல்பிரைட். இவையெல்லாம் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. ஒரு முறை தலைசுற்றலுக்கு எழுதித் தந்த சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்கிச் சாப்பிடும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. மருத்துவர் பார்த்து நிறுத்தினால் பலருக்கு இந்த மந்தம் சில வாரங்களிலோ மாதங்களிலோ விலகிவிடும். கண்டுகொள்ளாவிட்டால் அதற்கும் மேலே பார்க்கின்சன் மாத்திரை ஏறும். எனவே நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் உறையைவிட முக்கியமாக எடுத்துப்போக வேண்டியது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும் அடங்கிய பை.

இதனால்தான் கல்லூரி மாணவர்களை வரிசையாக நடக்கவிடுவதைவிட, சரியான சில ஆட்களிடம் பேசுவது பலன் தரும் என்கிறேன். மருந்துக்கடைக்காரர், பிசியோதெரபிஸ்ட், எலும்பு மருத்துவர், காசோலையைத் திருப்பி அனுப்பும் வங்கி ஊழியர் ஆகிய நால்வரும் நரம்பியல் மருத்துவருக்கு முன்பே நோயாளியைப் பார்க்கிறவர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். விரல் தட்டிக் காட்டச் சொல்லிப் பார்ப்பதை அவர்களுக்கு ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். மருத்துவமனை வார்டுகளுக்கும் இதே பாடம் தேவை. இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா வேளை தவறினால் உடம்பு விறைத்துப்போகும். திடீரென்று அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் ஊசி போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மாத்திரை நேரத்தைத் தாளில் எழுதிக் கட்டிலில் ஒட்டுவது உறவினர் செய்யக்கூடிய உருப்படியான வேலை. உணவின் புரதம் மாத்திரையோடு போட்டியிடும் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகத் தருவதும் பலருக்கு உதவும்.

இந்த நோய்க்குப் பூனைக்காலி விதை உதவுமா என்று கேட்காத கூட்டம் கிடையாது. கேட்பவரைக் கேலி செய்து அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. அந்த விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது; 1937-லேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மீறிவிடும் என்பதுதான் சிக்கல். சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், மருத்துவரும் திட்டாமல் கேட்க வேண்டும்.

இந்த நோயில் முகத்தசைகளும் மந்தமாகின்றன. சிரிப்பு முகத்துக்கு வர நேரமாகிறது, கண் சிமிட்டுவது குறைகிறது. வீட்டில் அதற்குக் கிடைக்கும் பெயர்கள் “முகம் கொடுத்துப் பேசுவதில்லை”, “எல்லாவற்றிலும் சோம்பல்”. அலுவலகத்தில் “வேலையில் கவனம் இல்லை” என்று குறிப்பு எழுதப்படுகிறது. நடுக்கம் இருப்பவருக்காவது பார்ப்பவர் பரிதாபப்படுகிறார். மந்தம் மட்டும் இருப்பவருக்குக் கிடைப்பது திட்டு. மந்தத்தை நோய் என்று ஊருக்குச் சொல்லாதவரை இது மாறாது. சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போய்விட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தான் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சனையும் சேர்த்திருக்கிறது. மருத்துவக் குழு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் பாதிப்பு என்று சான்றளித்தால் அந்தச் சட்டத்தின் சிறப்புச் சலுகைகளுக்கும் உரிமை உண்டு; தமிழ்நாட்டில் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். நோயாளியை அலைய விடாமல் வீட்டில் ஒருவர் போய் வாங்கி வாருங்கள்.