உச்சத்தைப் பிடித்தால் மட்டும் போதுமா?

லேபில் நான் அசடு வழிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு டையோடு, ஒரு கெபாசிட்டர். இவ்வளவுதான் பீக் டிடெக்டர். உள்ளீட்டு மின்னழுத்தம் ஏறும்போது டையோடு கடத்தும், கெபாசிட்டர் சார்ஜ் ஆகும். இறங்கும்போது டையோடு கதவைச் சாத்திவிடும். உச்ச மின்னழுத்தம் கெபாசிட்டரில் அப்படியே நிற்கும். தியரி பிரமாதம்!

1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டு, 10 வோல்ட் சப்ளை வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தேன். பிறகு மல்டிமீட்டரை வைத்தேன். முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"டையோடு போச்சு சார்."

"டையோடு போகலப்பா, உன் மீட்டர்தான் சார்ஜைக் குடிச்சிடுச்சு. கணக்குப் போட்டுப் பாரு."

போட்டேன். அது வோல்ட்டுக்கு 20,000 ஓம் மீட்டர். 10 வோல்ட் ரேஞ்சில் அதன் மின்தடை 200 கிலோ ஓம். கெபாசிட்டர் மதிப்போடு பெருக்கினால் கால மாறிலி 0.2 விநாடி. அந்த நேரத்துக்குள் மின்னழுத்தம் 37 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு விநாடியில் 1 சதவீதம்கூட மிஞ்சாது!

இன்னொரு குறையும் உண்டு. சிலிக்கன் டையோடு சுமார் 0.6 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். 10 வோல்ட் 9.4 ஆகும். அரை வோல்ட் சிக்னலோ கண்ணிலேயே படாது.

இரண்டுக்கும் மருந்து ஆப்-ஆம்ப். டையோடுக்கு முன்னால் ஒன்று. கெபாசிட்டருக்குப் பின்னால் பஃபராக இன்னொன்று. பஃபரின் வெளியீட்டை முதல் ஆப்-ஆம்பின் மைனஸ் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். டையோடு எடுக்கும் 0.6 வோல்ட்டை முதல் ஆப்-ஆம்ப் கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்டிவிடும். மீட்டருக்கு வேண்டிய மின்னோட்டத்தைப் பஃபர் கொடுக்கும், கெபாசிட்டர் தப்பிக்கும்.

பஃபருக்கு 741 போட்டால், அதன் உள்ளீடு சுமார் 80 நானோ ஆம்பியர் இழுக்கும். 1 மைக்ரோ ஃபாரடில் இது விநாடிக்கு 0.08 வோல்ட் சரிவு. ஜேஃபெட் உள்ளீடு கொண்ட எல்எஃப் 356 இழுப்பது பிகோ ஆம்பியர் அளவுதான். கெபாசிட்டரும் பாலியெஸ்டராக இருக்கட்டும். எலக்ட்ரோலிட்டிக்கில் கசிவு அதிகம்.

அப்படியானால் பெரிய கெபாசிட்டராகப் போட்டுவிடலாமே என்பீர்கள். ஆசைப்படாதீர்கள்! 741 கொடுப்பது அதிகபட்சம் 25 மில்லி ஆம்பியர்தான். 1 மைக்ரோ ஃபாரடை ஒரு வோல்ட் ஏற்றவே 40 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் முடிந்துவிடும் குறுகிய பல்ஸின் உச்சம் தவறிப்போகும். பெரிய கெபாசிட்டர் நன்றாகத் தாங்கும், மெதுவாகப் பிடிக்கும். சிறியது சட்டென்று பிடிக்கும், சீக்கிரம் நழுவவிடும். உங்கள் சிக்னலைப் பார்த்து மதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கெபாசிட்டருக்குக் குறுக்கே சிறு மின்தடையோடு ஒரு ரீசெட் ஸ்விட்சும் வையுங்கள். இல்லாவிட்டால் பழைய உச்சமே அடுத்த அளவீட்டிலும் வந்து நிற்கும்.

பிராக்டிகலுக்கு முன் இந்தக் கணக்குகளை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வைவாவில் கை கொடுக்கும்!